தக்கை அசையவில்லையா? போட்டிக்கு முன் வாவி பார்ப்பவர்களுக்கு

தூண்டில் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வாவியை முன்கூட்டியே பார்த்துவைக்கப் போனவர்களிடம் இருந்து எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிடும். "மச்சான், விடிய அஞ்சரைக்கே வந்து குந்தினனான். பத்து மணியாகுது, ஒண்டும் ஏறேல்லை. இந்த வாவியில மீனே இல்லைப் போல." வருடாவருடம் ஆள் மாறும், வசனம் மாறாது. கொழும்புக்குத் தெற்கே உள்ள பொல்கொட வாவியில் மீன் இருக்கிறது. வெள்ளவத்தையில் 101 பஸ் ஏறி மொரட்டுவையில் இறங்கும் எங்களுக்காக அது கரையில் வந்து நிற்காது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் நான் திருப்பிக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். உங்களுக்கு நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், காசு கரையும் காரணம் கடைசியில்.

எந்த மீனைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் புளூகில், கிராப்பி போன்ற சின்ன மீன்களைப் பான்ஃபிஷ் என்பார்கள். பொரிக்கிற சட்டிக்குள் முழுசாக அடங்குவதால் அந்தப் பெயர். அவை நம் வாவிகளில் இல்லை. நம் தாச்சிக்குள் அடங்குவது திலாப்பியா, செத்தல், பனையேறி. திலாப்பியாவை மட்டக்களப்பார் செல்வன் என்பார்கள், சிலர் ஜப்பான் மீன் என்பார்கள். 1952இல்தான் இந்த நாட்டுக்கு வந்தது, இப்போது எந்தக் குளத்திலும் அதுதான் வீட்டுக்காரன். செத்தலைக் கரையில் இருக்கும் சிங்களவரிடம் கொரலியா என்று கேட்டால்தான் விளங்கும்.

தக்கை அசையவே இல்லை

முதலில் ஆழம். இரையையும் இடத்தையும் வாவியையும் பிறகு திட்டலாம்.

இதை எனக்குப் படிப்பித்தவர் மொரட்டுவைப் பக்கம் ஒரு தச்சுப் பட்டறைக்குப் பின்னால், கரையில் தினமும் இருக்கும் ஒரு கிழவர். என்னிடம் ரீல் போட்ட புது றொட். அவரிடம் மூங்கில் தடி, அதன் நுனியில் கட்டிய தங்கூசி (நைலோன் நூல்), தக்கைக்கு ரப்பர் செருப்பில் வெட்டிய ஒரு துண்டு. எங்களுக்குள் பத்தடி இடைவெளி. ஒரு மணி நேரத்தில் அவர் ஏழு திலாப்பியா எடுத்தார், நான் ஒன்றும் இல்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு, "மாமா, என்ன இரை?" என்று கேட்டேன். அவர் என் தக்கையைப் பார்த்தார். "புதே" என்று கூப்பிட்டு, வலது கை முழங்கையில் இருந்து விரல் நுனி வரை இடது கையால் தடவிக் காட்டினார். ஒரு முழம் இறக்கு. இரண்டு பேரின் கொக்கியிலும் இருந்தது ஒரே பாண்தான்.

ஆழம் பார்ப்பது இப்படி: கொக்கியில் இரைக்குப் பதிலாகச் சுண்டுவிரல் நகம் அளவு ஈயத்தை மாட்டி எறியுங்கள். தக்கை முழுசாகத் தாழ்ந்தால் ஈயம் தரைக்கு எட்டவில்லை, தக்கையை மேலே தள்ளுங்கள். தக்கை சரிந்து படுத்தால் நூல் கூடிவிட்டது, கீழே இழுங்கள். நுனி மட்டும் வெளியே தெரிந்தால் அதுதான் அந்த இடத்து ஆழம். பிறகு ஈயத்தைத் தூக்கிப் பாருங்கள். கறுத்த சேறு அப்பி, அழுகல் மணம் வந்தால் இரை அதற்குள் புதைந்து போகும், நான்கு விரல் உயர்த்துங்கள். மணல் ஒட்டியிருந்தால் இரை தரையைத் தொட்டபடி கிடக்கட்டும். மரத்தூள் வந்தால் பத்தடி தள்ளிப் போங்கள். பட்டறைகள் இருக்கும் கரையில் இது சகஜம். அடுத்த இடத்துக்குப் போனால் மறுபடி அளவுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடங்களுக்கு இடையே ஒரு பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம்) வித்தியாசம் கண்டிருக்கிறேன்.

ஆழம் சரி, இன்னும் அசைவில்லை என்றால் நேரம். திலாப்பியா பகலில் மேயும் மீன். இருட்டோடு போய்க் குந்துவது கடல் மீனுக்குப் பழகியவர்களின் பழக்கம். என் குறிப்புப் புத்தகத்தில் பொல்கொடையில் முதல் கடி பெரும்பாலும் ஏழரைக்குப் பிறகுதான். ஏழு தொடக்கம் பதினொரு மணிவரை போட்டி என்றால் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். வேலை முடிந்து பின்னேரம் போய்ப் பார்த்துவிட்டு வருவது அந்தப் பின்னேரத்தைப் பற்றி மட்டும்தான் சொல்லும்.

நேரமும் சரியென்றால் இடம். இருபது அடி நடப்பதற்குக் காசில்லை. ஆற்றுவாழைக் கூட்டத்தின் ஓரம், பழைய தோணித்துறையின் கால்கள், விழுந்து கிடக்கும் மரம், வாய்க்கால் வந்து கலக்கும் வாய், இந்த நான்கிலும் கால் மணி நேரம் பாருங்கள். திறந்த வெளியில் எறிந்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். (ஆற்றுவாழையை ஒழிக்க என்றே 1909இல் சட்டம் போட்டார்கள். அது இன்னும் மிதக்கிறது, எங்களுக்கு மீனும் தருகிறது.)

அதற்குப் பிறகுதான் இரை. பாண், மண்புழு, உரித்த சின்ன இறால் என்ற வரிசையில் மாற்றுங்கள். கால் றாத்தல் பாண் இரண்டு பேருக்குப் போதும். புழுவுக்குத் திலாப்பியாவும் பனையேறியும் வரும். இறாலுக்குச் செத்தல் வரலாம், அதோடு வேண்டாததும் வரும்.

நான்கையும் பார்த்து, மூன்று இடம் மாறி, இரண்டு காலை போய்விட்டதா? இப்போது காசைச் செலவழியுங்கள். புது றொட் வாங்க வேண்டாம், அந்த வாவியிலேயே வலை போடும் ஒருவரின் வள்ளத்தை அரை நாளுக்குப் பேசுங்கள். அவர் வலை போடும் இடத்தைக் கேட்காதீர்கள், சொல்லமாட்டார், சொல்லவும் தேவையில்லை. தரை எங்கே மணல், எங்கே சேறு, எங்கே பள்ளம் என்று கேளுங்கள். அதைச் சந்தோஷமாகச் சொல்வார்.

தக்கை துடிக்கிறது, இழுத்தால் வெறும் கொக்கி

இது நல்ல செய்தி, மீன் இருக்கிறது. கோளாறு உங்கள் கையில்.

முதலில் இரையைச் சிறிதாக்குங்கள். பாணை நனைத்துப் பிசைந்து பட்டாணி அளவில் உருட்டுபவர்கள் பாதிப் பட்டாணிக்கு வரட்டும். பிசைந்தது கைவிரலில் ஒட்டினால் தண்ணீரில் கரைந்துபோகும், கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்து இறுக்குங்கள்.

அடுத்தது தக்கை. கடைத் தக்கை குண்டாக, பாதிக்கு மேல் வெளியே நிற்கும். மீன் அதை இழுத்துத் தாழ்த்துவதற்குள் பாரம் தெரிந்து துப்பிவிடும். தக்கையின் நுனி மட்டும், ஒரு தீக்குச்சித் தலை அளவு, வெளியே நிற்கும் வரைக்கும் சின்னச் சின்ன ஈயமாகக் கடித்துச் சேர்த்துக்கொண்டே போங்கள். ஈயத்தை உண்மையாகவே பல்லால் கடிக்காதீர்கள், குறடு எதற்கு இருக்கிறது.

கடைசியாகக் கொக்கி. திலாப்பியாவுக்கு 8 அல்லது 10ஆம் இலக்கம், செத்தலுக்கு 12. இலக்கம் கூடக் கூடக் கொக்கி சிறிது, இதை மாற்றி விளங்கிக்கொண்டு பெரிய கொக்கி வாங்கிவந்தவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். தங்கூசி 0.20 மில்லிமீற்றர் போதும். செத்தல் கடிப்பதில்லை, உறிஞ்சும். தக்கை தாழாது, பக்கவாட்டில் மெல்ல நகரும். அந்த நகர்விலேயே மணிக்கட்டை மட்டும் திருப்புங்கள். தோளால் இழுத்தால் வாய் கிழியும்.

ஏறுவதெல்லாம் விரல் அளவுக் குஞ்சு

நீங்கள் கரைக்கு மிகக் கிட்ட எறிகிறீர்கள், அல்லது பாண் தூளை அள்ளி வீசிக் குஞ்சுகளுக்குக் கல்யாணச் சாப்பாடு போடுகிறீர்கள். வீசுவதை நிறுத்துங்கள். இரண்டு பாகம் தள்ளி, தரையோடு எறியுங்கள். இரையை இறுக்கமாக உருட்டினால் குஞ்சு கொத்திக் கொத்திச் சலித்துப் போகும், பெரிது வரும்வரை இரை நிற்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் எங்கே எறிந்தாலும் உள்ளங்கையை விடச் சிறிது என்றால் அந்தக் குடாவை விட்டுவிடுங்கள். திலாப்பியா நெருக்கமாகப் பெருகிய இடத்தில் வளராது, குட்டையாகவே முட்டை போடும். அங்கே பெரிதைத் தேடுவது நேரத்துக்குக் கேடு. உங்கள் போட்டியில் நிறைக்குப் பதிலாக எண்ணிக்கைக்குப் புள்ளி என்றால் மட்டும் அந்தக் குடா தங்கச் சுரங்கம். விதிமுறையை முதலில் வாசியுங்கள்.

மீன் கண்ணுக்குத் தெரிகிறது, வாய் வைக்குதில்லை

குனிந்து தண்ணீரைப் பாருங்கள். மூன்று காரணங்களில் ஏதாவது ஒன்று தெரியும்.

தரையில் வட்ட வட்டமாகக் குழி, ஒவ்வொன்றிலும் ஒரு கறுத்த மீன் காவல் நின்றால் அது திலாப்பியாவின் கூடு. காவல் நிற்பது ஆண். பெண் முட்டையை வாய்க்குள் எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடும், வாயில் பிள்ளை இருக்கும்வரை சாப்பிடாது. ஆண் சிலவேளை கோபத்தில் இரையைத் தள்ளும், அதைக் கடி என்று எண்ணி அரை நாள் செலவழித்தவன் நான். குழிகளுக்கு வெளியே, ஆழம் கூடும் ஓரத்தில் எறியுங்கள். கூடு கட்டாதவை அங்கே மேயும்.

விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அவற்றுக்கு மூச்சு முட்டுகிறது. பசியில்லை. வெயில் ஏறட்டும், ஒன்பது மணிக்குப் பிறகு வாருங்கள். அன்று முழுக்க மப்பு என்றால் வீட்டுக்குப் போகலாம். வெள்ளை வயிறு காட்டி மிதக்கும் மீன் தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டுங்கள், அந்தத் தண்ணீரில் பிடித்ததைச் சமைக்கவும் வேண்டாம், பூனைக்குப் போடவும் வேண்டாம்.

இரண்டும் இல்லை என்றால் உங்கள் நிழல். முதுகில் சூரியன், வெள்ளை ரீசேட், கரை விளிம்பில் நின்ற நிலை. உட்காருங்கள், இரண்டடி பின்னுக்குப் போங்கள்.

போன கிழமை அள்ளியது, போட்டியன்று ஒன்றும் இல்லை

வாவி பார்ப்பவர்கள் அதிகம் அழுவது இதற்குத்தான். நானும் அழுதிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை லீவு போட்டு, ஒரு தோணித்துறை ஓரத்தில் காலை ஒன்பது மணிக்குள் பதினான்கு மீன் எடுத்தேன். இடத்துக்கு அடையாளமாகக் கிளையில் நீலக் கயிறு கட்டினேன், வீட்டில் வாய் திறக்கவில்லை. ஞாயிறு போட்டி. எட்டரை மணிக்கு அந்தப் பக்கத்து விடுதியில் இருந்து மோட்டர் படகுகள் இறங்கின. ஒவ்வொரு படகு போகும்போதும் அலை வந்து கரைச் சேற்றைக் கலக்கியது, தண்ணீர் பிளேன் டீ நிறத்துக்கு மாறியது. நான் பிடித்தது இரண்டு. நீலக் கயிற்றை யாரோ துணி காயப்போடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

ஆகவே முதல் கேள்வி: வாரத்தில் எந்த நாள் பார்த்தீர்கள்? பொல்கொட கொழும்பின் ஞாயிற்றுக்கிழமை வாவி. ஞாயிறு போட்டி என்றால் ஒரு ஞாயிறாவது போய்ப் பாருங்கள், மீன் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, படகு எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது: தண்ணீர் ஏறியதா இறங்கியதா? பார்க்கப் போன அன்றே தோணித்துறைக் காலில் சோக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். போட்டியன்று காலை அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு தக்கையை நகர்த்துங்கள். இரவு முழுக்க மழை என்றால் கோடு தண்ணீருக்குள் போயிருக்கும், போன வாரத்து ஆழத்தில் இன்று உங்கள் இரை அந்தரத்தில் தொங்கும். மழைக்குப் பிறகு மீன் கரைப் புல்லுக்குள் வரும், அங்கே முதலில் பாருங்கள்.

மூன்றாவது உப்பு. பொல்கொட பாணந்துறையில் கடலோடு சேர்கிறது. கடல் பக்கத்துத் தண்ணீர் ஒரு நாள் நல்ல தண்ணீர், ஒரு நாள் சவர். நாக்கு நுனியில் வைத்துப் பார்க்காதீர்கள், அந்தத் தண்ணீர் வாய்க்கு ஆகாது. பாணந்துறைப் பக்கமாகப் போட்டி என்றால் திலாப்பியா, செத்தலை நம்புங்கள், இரண்டும் சவரைத் தாங்கும். பனையேறியை நம்பித் திட்டம் போட்டவர்கள் வடக்கே, உள்ளுக்கு வாருங்கள்.

நான்காவது நீங்களே. பதினான்கு மீன் எடுத்துத் தாச்சியில் போட்டால் போட்டியன்று அந்தப் பதினான்கும் அங்கே இராது. இப்போது நான் ஓர் இடத்தில் இரண்டு மீன் ஏறியவுடன் தூண்டிலைத் தூக்கிவிடுவேன். ஆழம், தரை, இரை, மணி, கோடு என்று ஐந்தையும் எழுதிக்கொண்டு அடுத்த இடம். பார்க்கப் போவது கணக்கெடுக்க, சமைக்க என்று இன்னொரு நாள் போகலாம்.

வேண்டாதது ஏறுகிறது

டாங்க் கிளீனர் மீன் ஏறினால் இரை சேற்றில் கிடக்கிறது, நான்கு விரல் உயர்த்துங்கள். யாரோ மீன்தொட்டியில் வளர்த்து அலுத்து வாவியில் கொட்டியதன் பலன். கழற்றும்போது துவாயால் பிடியுங்கள், தோல் அரம் மாதிரி. தட்டையாக, வாளைப் போல ஒன்று வந்து நூலை அறுத்தால் நைஃப் ஃபிஷ், அதுவும் அப்படி வந்ததுதான். இறாலை விட்டுப் பாணுக்கு மாறுங்கள். விரால் வந்தால் யாரும் முறைப்பாடு செய்வதில்லை.

சுங்கான் வந்தால் கை வைக்காதீர்கள். சிங்களத்தில் ஹுங்கா. கறுத்து ஒடுங்கிய, மீசை வைத்த மீன், பக்கச் செட்டை முள்ளில் விஷம். தங்கூசியை வெட்டிவிடுங்கள், ஒரு கொக்கிதானே.

ஃபிஷ் ஃபைண்டர் மீன் காட்டுகிறது, தூண்டிலில் இல்லை

ஃபிஷ் ஃபைண்டர் என்பது ஒலியால் மீன் தேடும் கருவி. அதில் எறியும் உருண்டை வகை மலிவுக் கருவி தாவரத்தையும் குமிழியையும் மீன் படமாகவே காட்டும். படத்தை மறந்துவிட்டு ஆழ எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் வாங்கவில்லை என்றால் ஈயத்துண்டு போதும்.

யாரோ வந்து எழும்பச் சொல்கிறார்

வாக்குவாதம் வேண்டாம், பெரும்பாலும் அவர் சொல்வது சரி. பெல்லன்வில–அத்திடிய 1990இல் இருந்து சரணாலயம், அங்கே தூண்டிலைப் பையை விட்டு எடுக்கவே வேண்டாம். தியவன்னாவில் பாராளுமன்றத்தைச் சுற்றிய பக்கம் பாதுகாப்புக் கெடுபிடி உள்ள இடம், றொட் உறையைத் தோளில் போட்டு நடப்பதே கேள்விக்கு இடம். பேர வாவியில் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், அந்தத் தண்ணீரைப் பார்த்த யாரும் அதில் பிடித்ததைச் சாப்பிடமாட்டார்கள். பொல்கொடையில் பெரும்பாலும் பிரச்சினை தனியார் காணி. கேற்றில் தட்டிக் கேளுங்கள், ஒரு பை பணிஸோடு போனால் இன்னும் நல்லது. போயா தினத்தில் போகாதீர்கள். சட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை, வெள்ளை உடுத்து விகாரைக்குப் போகும் அயலவருக்கு முன்னால் உயிரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் அடுத்த ஞாயிறு அந்தக் கேற் திறக்காது.

இதற்கு மேல் நீங்களே பார்க்காதீர்கள்

கொக்கியின் முள் தோலுக்குள் போய்விட்டால் இழுக்காதீர்கள். தங்கூசியை வெட்டிவிட்டு டொக்டரிடம் போங்கள், ஏற்பூசி (ரெட்டனஸ் ஊசி) போட்டு எத்தனை வருடம் என்று நினைவுபடுத்திக்கொண்டு போங்கள். கண்ணிலோ இமையிலோ என்றால் தொடவே வேண்டாம், மேலே ஒரு கப்பைக் கவிழ்த்துக் கட்டி நேரே கொழும்புக் கண் வைத்தியசாலை.

சுங்கான் குத்தினால் கை தாங்கும் அளவு சூடான தண்ணீரில் குத்திய இடத்தை வையுங்கள், வலி இறங்கும். வீக்கம் ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

முதலை தெரிந்தால், அல்லது கரைச் சேற்றில் வயிறு இழுத்த தடம் தெரிந்தால், அன்றைய வேலை முடிந்தது. கபரகொய்யா என்ற நீருடும்பின் தடத்துக்கும் நடுவில் வால் கோடு இருக்கும், அகலம்தான் வித்தியாசம். அளந்து பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் இடி முழங்கினால் கார்பன் றொட்டைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போங்கள். மரத்தடி கூடாது.

கடைசியாகக் காய்ச்சல். காலில் கீறலோடு வாவித் தண்ணீரில் நிற்பவர்களை எலிக்காய்ச்சல் தேடி வரும். பெரும்பாலும் ஐந்து நாளில் இருந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் சதை நோவு, கண் சிவப்பு. இறங்கி நின்றுதான் ஆகவேண்டும் என்றால் முன்கூட்டியே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். காய்ச்சல் வந்துவிட்டால் பனடோலோடு படுத்துக் கிடக்காதீர்கள். கொழும்பில் காய்ச்சல் என்றால் எல்லோரும் முதலில் டெங்குவைத்தான் நினைப்பார்கள். "பத்து நாளைக்கு முதல் பொல்கொடையில் முழங்கால் தண்ணீரில் நின்றேன்" என்று டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.